முடிவு வருமுன் முடிவெடுக்கலாமா? எஸ்.பி.எம். பிள்ளைகளின் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

ஆண்டு இறுதி நெருங்கினால் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரே கேள்வி பல வீடுகளிலிருந்து வரும். பிள்ளை ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வை எழுதிக்கொண்டிருப்பான், அல்லது அப்போதுதான் எழுதி முடித்திருப்பான். முடிவு வர இன்னும் சில மாதங்கள் ஆகும். அதற்குள் ஒரு தனியார் கல்லூரி, பள்ளியில் நடந்த முன்னோட்டத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்தே இடம் தருவதாகக் கடிதம் அனுப்பியிருக்கும். இந்த மாதத்துக்குள் பதிந்தால் கட்டணத்தில் கழிவு உண்டு என்றும் அதில் எழுதியிருக்கும். கட்டிவிடலாமா, பொறுத்திருக்கலாமா? செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவரும் கேட்கிறார், விடியற்காலையில் ஈப்போ தொழிற்சாலைக்கு வேன் ஏறும் தாயும் கேட்கிறார். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் விண்ணப்பங்களை நிரப்பித் தரும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருவதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை, தனியார் கல்லூரி, ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், போலிடெக்னிக் என்ற நான்கு வழிகளையும் ஒப்பிட்டு இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். விண்ணப்பிப்பது வேறு, கிடைத்த இடத்தை ஏற்றுக்கொள்வது வேறு. முன்கூட்டியே விண்ணப்பிப்பதால் வீட்டுக்கு இழப்பு ஏதும் இல்லை; முன்கூட்டியே ஏற்றுப் பணம் கட்டுவதில்தான் இழப்பு இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் சிலர் எதற்கும் விண்ணப்பிக்காமல் காலத்தைக் கடத்துகிறார்கள், சிலர் வந்த முதல் கடிதத்துக்கே சேமிப்பைக் கரைக்கிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். கட்டணம் மட்டுமல்லாமல் தங்கும் இடம், சாப்பாடு, போக்குவரத்து, கருவிகள் எல்லாம் சேர்ந்த முழுச் செலவு எவ்வளவு. இடம் கிடைப்பது எவ்வளவு உறுதி. பிள்ளை சம்பாதிக்கத் தொடங்க எத்தனை ஆண்டுகள் ஆகும். அந்தப் படிப்புக்குப் பிறகு எத்தனை கதவுகள் திறந்திருக்கும். தவறான முடிவு என்று தெரிந்தால் திரும்பி வர முடியுமா.

வசதியுள்ள குடும்பத்துக்குக் கடைசி அளவுகோல் பெரிதாகத் தோன்றாது. தோட்டப்புறக் குடும்பத்துக்கு அதுதான் முதன்மையானது. 2025 பிப்ரவரி முதல் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). கணவனும் மனைவியும் அந்த அளவில் சம்பாதிக்கும் வீட்டில் சேமநிதிப் பிடித்தம், வீட்டுச் செலவு, மோட்டார் சைக்கிள் தவணை எல்லாம் போக மிஞ்சுவதை வைத்து ஒரு முறை தவறலாம்; இரண்டாம் முறைக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

## தனியார் கல்லூரி: முன்கூட்டியே கிடைக்கும் இடம்

கேள்வி இங்கிருந்துதான் தொடங்குவதால் இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தனியார் கல்லூரியின் பெரிய பலம் உறுதி. முன்னோட்டத் தேர்வில் தேவையான எண்ணிக்கையில் கிரெடிட்டுகள், அதாவது நல்ல தேர்ச்சிகள், இருந்தால் நிபந்தனையுடன் இடம் கிடைத்துவிடும்; எஸ்.பி.எம். முடிவு வந்ததும் அந்த நிபந்தனை நிறைவேறியதா என்று பார்ப்பார்கள். பிள்ளை விரும்பிய துறையையே எடுக்கலாம். ஆண்டுக்குப் பல முறை மாணவரைச் சேர்ப்பதால் காத்திருப்பும் குறைவு. எங்கள் பக்கத்தில் பலரும் நினைப்பது கம்பாரில் வளாகம் உள்ள யு.டி.ஏ.ஆர்., டார் யு.எம்.டி. ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களையும், கெடா பீடோங்கில் 2001-இல் தொடங்கப்பட்ட எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தையும்தான். இவற்றையும், கடைவீதி மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து நடத்தப்படும் கல்லூரியையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

செலவைப் பார்க்கும்போது விளம்பரத் தாளில் உள்ள எண் முழுத் தொகையாக இருப்பதில்லை. பட்டப்படிப்புக்கு முந்தைய ஓராண்டு ஃபவுண்டேஷன் படிப்பின் கட்டணமே பல இடங்களில் ஐந்திலக்கத்தில் இருக்கிறது. அதற்கு மேல் பதிவுக் கட்டணம், வைப்புத்தொகை, தேர்வுக் கட்டணம், தவறிய பாடத்தை மறுபடி எடுக்கும் கட்டணம், அறை வாடகை எல்லாம் வரும். சுங்கை சிப்புட்டிலும் கம்பாரிலும் இ.டி.எஸ். ரயில் நிற்பதால் வீட்டிலிருந்தே போய் வரலாம் என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. எல்லா வண்டியும் இங்கே நிற்பதில்லை, ரயில் நிலையத்திலிருந்து வளாகத்துக்கும் தனியாகப் போயாக வேண்டும். ஒரு வாரம் போய்வந்து பார்த்த பிறகே அந்தக் கணக்கை நம்பலாம்.

கல்விக்கடன் கிடைக்கும் என்ற சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அரசாங்கத்தின் உயர்கல்விக் கடன் நிதியான பி.டி.பி.டி.என். 1997 முதல் கடன் தருகிறது, அதற்கு அதன் எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்புக் கணக்கு வேண்டும். குடும்ப வருமானத்துக்கு ஏற்பத் தொகை மாறும். கடன் கட்டணம் முழுவதையும் ஈடுகட்டும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. முதல் தொகை கைக்கு வருமுன்னரே முதல் பருவக் கட்டணத்தைக் கட்டவேண்டிய நிலை வரலாம். அந்த இடைவெளியைத் தாண்டத்தான் பலர் நகையை அடகு வைக்கிறார்கள் அல்லது கல்விச் செலவுக்கு எடுக்க அனுமதியுள்ள சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்கிறார்கள். சேமநிதியில் கை வைப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. ஐம்பது வயதைக் கடந்த தந்தை எடுக்கும் ஆயிரம் வெள்ளி, முப்பது வயதுக்காரர் எடுக்கும் ஆயிரத்தைப் போல மறுபடி வளராது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

என் அனுபவம் ஒன்று. என் மூத்த மகனுக்கு ஒரு கல்லூரியில் முடிவு வருமுன்பே ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி கட்டினேன். முடிவு வந்த பிறகு அவனுக்கு அரசாங்க இடம் கிடைத்தது. கட்டிய பணத்தைக் கேட்டபோது, நான் கையெழுத்திட்ட தாளின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, நான் படிக்கவில்லை. அதன்பிறகு யார் வந்து கேட்டாலும் நான் முதலில் கேட்பது, திருப்பித் தரும் விதியை எழுத்தில் வாங்கினீர்களா என்பதைத்தான்.

இரண்டு சோதனைகளைத் தவறாமல் செய்ய வேண்டும். அந்தப் படிப்பு, கல்லூரி அல்ல, அந்தக் குறிப்பிட்ட படிப்பு, படிப்புகளை அங்கீகரிக்கும் அரசாங்க அமைப்பான எம்.க்யூ.ஏ.-வின் பதிவேட்டில் இருக்கிறதா என்று அதன் இணையத்தளத்தில் பார்க்கலாம். தற்காலிக ஒப்புதலா, முழு அங்கீகாரமா என்பதும் அங்கே தெரியும். மருத்துவம் போன்ற துறைக்குக் குறிவைப்பவர்கள், அந்த ஃபவுண்டேஷன் படிப்பை மருத்துவ மன்றமும் அடுத்துச் சேர விரும்பும் பல்கலைக்கழகமும் ஏற்கின்றனவா என்று தனியாகக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். ஒரு கல்லூரியின் ஃபவுண்டேஷன் அதே கல்லூரியின் பட்டப்படிப்புக்கு மட்டும் வழிகாட்டுவதாக இருந்தால், இடைநடுவே மனம் மாறும் பிள்ளைக்கு வேறு வழி குறைவு.

## ஆறாம் படிவம்: யாரும் விளம்பரம் செய்யாத வழி

என் சாய்வை மறைக்கவில்லை: எங்கள் ஊரில் மிகக் குறைவாக மதிக்கப்படுவதும், பல வீடுகளுக்கு மிகப் பொருத்தமானதும் இந்த வழிதான். பள்ளியிலேயே தொடர்ந்து படித்து எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வுக்கு மூன்று பருவங்கள், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. கல்விக் கட்டணம் இல்லை. பிள்ளை வீட்டிலேயே இருந்து பழகிய பேருந்தில் போய் வரலாம். சான்றிதழ் உள்நாட்டிலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் ஏற்கப்படுகிறது. ஒரு பருவத்தில் சறுக்கினால் அந்தப் பருவத் தாளை மறுபடி எழுத வாய்ப்பு உண்டு. தமிழ்மொழியை ஒரு பாடமாக எடுக்கலாம். 1956-இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கோ, தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் தமிழ்க் கல்விக்கோ போக நினைக்கும் பிள்ளைக்கு அது நேரான பாதை.

கடினம் என்ற பெயர் இதற்கு உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நான் பார்த்தவரை பிள்ளைகள் ஆறாம் படிவத்தை விட்டு விலகுவதற்குப் பாடத்தின் கடினம் முதற்காரணமாக இருந்ததில்லை. எஸ்.பி.எம். முடிந்து வகுப்பு தொடங்கும்வரை சில மாதங்கள் இடைவெளி இருக்கிறது. அந்த மாதங்களில் பிள்ளை ஈப்போவில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்கிறான். முதல் சம்பளத்தில் கைப்பேசி வாங்குகிறான். அடுத்த வீட்டு நண்பன் தவணையில் மோட்டார் சைக்கிள் எடுக்கிறான். மறுபடி வெள்ளைச் சட்டை போட்டுப் பள்ளிக்குப் போ என்றால் அவனுக்குப் பெரிய இறக்கமாகத் தெரிகிறது. இந்த வழியின் மறைந்த செலவு இதுதான், இதைப் பெற்றோரால் மட்டுமே சமாளிக்க முடியும். வேலைக்குப் போகட்டும், எந்தத் தேதியில் நிற்கவேண்டும் என்பதை வேலைக்குச் சேருமுன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. வீட்டுச் செலவுக்கு அவன் சம்பளத்தை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டால் அந்தத் தேதி வராமலே போய்விடும்.

மற்ற செலவுகள் சிறியவை: பேருந்து, துணைநூல்கள், பல்கலைக்கழக நுழைவுக்கு வேண்டிய மூவெட் ஆங்கிலத் தேர்வு. தனிவகுப்பு மட்டும் பெரிதாகலாம். அறிவியல் பிரிவுப் பிள்ளைக்கு நல்ல தனிவகுப்பு ஈப்போவில்தான் கிடைக்கும் என்றால், சுமார் முப்பது கிலோமீட்டர் போய்வரும் செலவையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

## மெட்ரிகுலேஷன்: நல்ல வழி, ஆனால் நம் கையில் இல்லாத வழி

இது அரசாங்கம் நடத்தும் பல்கலைக்கழக முன்படிப்பு; வழக்கமான பிரிவு ஓராண்டு. கல்விக் கட்டணம் இல்லை. விடுதி உண்டு, உதவித்தொகையும் உண்டு. கோப்பெங்கில் உள்ள பேராக் மெட்ரிகுலேஷன் கல்லூரியில் இடம் கிடைத்தால் வீட்டுக்கும் அருகில். அந்தப் பிள்ளையின் பெற்றோர் அதிர்ஷ்டசாலிகள்.

சிக்கல் இடத்தில் இருக்கிறது. பூமிபுத்ரா எனப்படும் மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் 90 விழுக்காடு, மற்றவர்களுக்கு 10 விழுக்காடு என்பதே அடிப்படை ஒதுக்கீடு. 2019-இல் மொத்த இடங்கள் 25,000-இலிருந்து 40,000-ஆக உயர்த்தப்பட்டபோதும் அந்த விகிதம் மாறவில்லை. 2024-இல், எஸ்.பி.எம்.-இல் 10 ஏ-வும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் தரப்படும் என்று பிரதமர் அறிவித்தார். ஏ மைனஸ் அதில் சேருமா என்பதை ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆக, பத்துக்குக் குறைவான ஏ பெற்ற பிள்ளைக்கு இது ஒரு நம்பிக்கைதான், உறுதி அல்ல. விண்ணப்பிக்காமல் இருக்கக் கூடாது, இதை மட்டும் நம்பியும் இருக்கக் கூடாது.

ஏற்றுக்கொள்ளும் முன் யோசிக்க இரண்டு விஷயங்கள் உண்டு. கோப்பெங்குக்குப் பதிலாகக் கடல் கடந்த லாபுவான் தீவில் இடம் வரலாம். விமானச் செலவும், முதன்முதலாக வீட்டை விட்டுப் பிரியும் பிள்ளையின் மனமும் கணக்கில் சேர வேண்டும். அடுத்தது, சான்றிதழின் எல்லை. இது முதன்மையாக உள்நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான வாசல். ஓராண்டு ஓட்டத்தில் மதிப்பெண் குறைந்தால், எஸ்.டி.பி.எம். போல ஒரு பருவத் தாளை மறுபடி எழுதி நிமிர்வது எளிதல்ல.

## போலிடெக்னிக்: குறைந்த செலவில் கைத்தொழில்

ஈப்போவில் 1969-இல் தொடங்கப்பட்ட உங்கு ஓமார் போலிடெக்னிக் நாட்டின் முதல் போலிடெக்னிக். கட்டணம் பருவத்துக்கு 200 வெள்ளி. ஆறு பருவங்களுக்குக் கணக்கிட்டால் 1,200. ஒரு மாதத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தைவிடக் குறைவு. மூன்றாண்டில் டிப்ளோமா, அதற்குள்ளேயே தொழிற்சாலைப் பயிற்சி. நல்ல மதிப்பெண் இருந்தால் டிப்ளோமாவை வைத்து அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். பத்து பஹாட் பக்கத்தில் உள்ள யு.டி.எச்.எம்., மலாக்காவின் யு.டி.இ.எம்., பெர்லிஸின் யுனிமாப் ஆகியவை தொழில்நுட்பப் பிள்ளைகளை எதிர்பார்க்கும் பல்கலைக்கழகங்கள்.

மின்கம்பியை அறுத்துப் பார்க்காமல் இருக்க முடியாத பையன், மோட்டாரைப் பிரித்துப் போடும் பையன் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. அவனை மருத்துவனாக்க ஃபவுண்டேஷனுக்கு அனுப்புவதில் இரு பக்கமும் நட்டம். மறைந்த செலவு என்றால் பட்டறை உடை, காலணி, கருவிகள், விடுதி கிடைக்காத பருவங்களில் வெளி அறை வாடகை. பட்டம் வரை போக நினைத்தால் மொத்தக் காலம் நீளும் என்பதே இதன் பெரிய குறை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | தனியார் கல்லூரி | ஆறாம் படிவம் | மெட்ரிகுலேஷன் | போலிடெக்னிக் |
|---|---|---|---|---|
| காலம் | ஃபவுண்டேஷன் ஓராண்டு | ஒன்றரை ஆண்டு | ஓராண்டு | மூன்றாண்டு, டிப்ளோமா |
| கட்டணம் | மிக அதிகம் | இல்லை | இல்லை | பருவத்துக்கு 200 வெள்ளி |
| இடத்தின் உறுதி | மிக அதிகம் | அதிகம் | குறைவு | நடுத்தரம் |
| மறைந்த செலவு | வாடகை, வைப்புத்தொகை, மறுபாடக் கட்டணம் | தனிவகுப்பு, வேலை ஆசை | தூரம் | கருவிகள், வெளி அறை |
| திரும்பி வர வழி | பணம் திரும்புவது அரிது | எளிது | நடுத்தரம் | எளிது |
| முடிவில் கையில் | அடுத்த படிப்புக்கு அனுமதி | பரந்த ஏற்புள்ள சான்றிதழ் | உள்நாட்டு நுழைவு | வேலைக்கே போதுமான தகுதி |

ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்கு ஐந்தாவது வழி ஒன்றும் உண்டு. ஆசிரியர் கல்விக் கழகத்தின் பி.ஐ.எஸ்.எம்.பி. என்ற ஆசிரியர் பட்டப்படிப்புக்கு எஸ்.பி.எம். முடித்தவரை எடுக்கிறார்கள். ஐந்து ஏ-வாவது வேண்டும், நேர்முகத்தில் பலர் கழிக்கப்படுவார்கள். தகுதி இருந்தால் மற்ற விண்ணப்பங்களோடு இதையும் போட்டுவைக்கலாம்.

## எந்த வீட்டுக்கு எது

பிள்ளைக்கு எந்தத் துறை என்று இன்னும் தெளிவில்லை, வீட்டில் சேமிப்பும் குறைவு என்றால் ஆறாம் படிவமே பாதுகாப்பு. ஒன்றரை ஆண்டில் மனம் தெளியும். தெளியாவிட்டாலும் கடன் இல்லை. பத்து ஏ எதிர்பார்க்கும் பிள்ளைக்கு மெட்ரிகுலேஷன் முதலிடம், ஆறாம் படிவம் அதற்குத் துணை. கைவேலையில் நாட்டம் உள்ளவன், அல்லது மூன்றாண்டில் வீட்டுக்குச் சம்பளம் வந்தாக வேண்டிய நிலையில் உள்ளவன் போலிடெக்னிக்கை இரண்டாந்தரமாக நினைக்கத் தேவையில்லை.

தனியார் கல்லூரி சரியாக அமையும் வீடுகளும் உண்டு. துறை உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் துறை அரசாங்க வழியில் கிடைப்பது அரிதாக இருக்க வேண்டும். உபகாரச் சம்பளமோ பாதிக்கு மேலான கழிவோ எழுத்தில் கிடைத்திருக்க வேண்டும். முதல் ஆண்டுச் செலவு கடன் வருமுன்பே கையில் இருக்க வேண்டும். இந்த நான்கும் சேர்ந்தால் முன்கூட்டியே பதிவதில் தவறில்லை. மூன்று இருந்து நான்காவது இல்லையென்றால் முடிவு வரும்வரை பொறுப்பதே நல்லது. முடிவுக்குப் பிறகும் கல்லூரிகள் மாணவரைத் தேடிக்கொண்டுதான் இருக்கும். அந்தக் கழிவும் பெரும்பாலும் இன்னொரு பெயரில் திரும்பி வரும்.

## பெற்றோர் செய்ய வேண்டிய வேலை

அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் அசாசி (ஃபவுண்டேஷன்), டிப்ளோமா, போலிடெக்னிக் எல்லாவற்றுக்கும் யு.பி.யு. என்ற பொது விண்ணப்பத் தளத்தில் இணையவழி விண்ணப்பிக்க வேண்டும். இது எஸ்.பி.எம். முடிவு வருமுன்பே திறக்கப்படுகிறது. முடிவு வந்த பிறகு தெரிவுகளை மாற்ற ஒரு காலம் தரப்படுகிறது. முடிவு வரட்டும் என்று காத்திருந்து முதல் கட்டத்தைத் தவறவிட்டவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

பட்டப்படிப்பு நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு மதிப்பெண், 10 விழுக்காடு கழகம், விளையாட்டு போன்ற புறப்பாடம். தோட்டத்துப் பிள்ளைகள் இந்தப் பத்தில்தான் அதிகம் இழக்கிறார்கள். மதியப் பேருந்தை விட்டால் வீடு வர வழியில்லை என்பதால் கழகக் கூட்டத்துக்கும் திடல் பயிற்சிக்கும் நிற்பதில்லை. ஆறாம் படிவத்துக்குப் போகும் பிள்ளைக்கு, வாரத்தில் ஒரு மாலையாவது பள்ளியில் நின்று வர அண்டை வீட்டாரோடு முறைபோட்டு வண்டி ஏற்பாடு செய்வது ஒரு தனிவகுப்புக்குச் சமம்.

தாள்களை முன்பே சேர்த்துவைக்க வேண்டும். ஒப்பந்த வேலை செய்பவருக்குச் சம்பளச் சீட்டு இருக்காது; வருமான உறுதிக் கடிதம் வாங்க நாட்கள் ஆகும். பிள்ளையின் அடையாள அட்டை இன்னும் குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு நிறத்தில் இருந்தால் குடியுரிமை பெறும் வேலையை நான்காம் படிவத்திலேயே தொடங்க வேண்டும். குடியுரிமை இல்லாமல் மெட்ரிகுலேஷன் போன்ற வழிகள் மூடப்பட்டவை. விண்ணப்பத்தில் கொடுத்த கைப்பேசி எண்ணை முடிவு வரும்வரை மாற்றக் கூடாது. இடத்தை ஏற்கத் தேவையான மறை எண் அதற்குத்தான் குறுஞ்செய்தியாக வரும்; காசு போடாமல் காலாவதியான எண்ணால் கிடைத்த இடத்தை ஏற்க முடியாமல் தவித்த குடும்பம் ஒன்று சென்ற ஆண்டு மண்டபத்துக்கு வந்தது.

இடம் தரும் கடிதங்கள் ஒரே நாளில் வருவதில்லை. ஒன்றை ஏற்க வேண்டிய கடைசி நாள், மற்றதன் முடிவுக்கு முன்பே வந்துவிடும். அப்போது கட்டணமில்லாத இடம் எதுவோ அதை முதலில் ஏற்றுக்கொள்ளலாம், பிறகு மேலான இடம் வந்தால் முறைப்படி எழுதிக் கொடுத்து விலகலாம். கிடைக்காத இடத்துக்கு மேல்முறையீடு செய்யவும் குறுகிய காலம் தரப்படும். அது வேலை நாட்களில் முடிந்துவிடும் என்பதால், முடிவு வரும் வாரத்தில் தந்தையோ தாயோ ஒருவர் இரண்டு நாள் விடுப்புக்கு இப்போதே மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) சொல்லிவைப்பது நல்லது.